இங்கே வயலினை நின்றுகொண்டு வாசிக்கிறார்கள்

நாஷ்வில், அமெரிக்கா,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். குளிர் விட்டுவிட்டது, அம்மா அனுப்பிய சாம்பார் பொடியும் வந்து சேர்ந்தது. வேலை பழகிவிட்டது. பஸ்தான் இன்னும் பழகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் வெகுநேரம் நிற்க வேண்டியிருக்கிறது. இதெல்லாம் அம்மாவிடம் போனில் சொல்லியாயிற்று. இந்தக் கடிதம் உங்களுக்கு, வயலினைப் பற்றி.

ஸ்டேஷன் இன் என்று இங்கே ஒரு இசைக்கூடம். தாழ்வான கல் கட்டடம், சுற்றிலும் பெரிய அடுக்குமாடிகள். ஞாயிறு இரவு வாத்தியத்தோடு வருபவர்கள் அங்கே வட்டமாகச் சேர்ந்து ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க கிராமிய இசையை வாசிக்கிறார்கள். பில் மன்றோ என்ற மாண்டலின்காரர் 1940-களில் உருவாக்கிய இசை இது. 1945 கடைசியில் எர்ல் ஸ்க்ரக்ஸ், பாஞ்சோ என்ற கம்பி வாத்தியத்தை மூன்று விரலால் மீட்டுபவர், அவரிடம் வந்து சேர்ந்த பிறகுதான் இந்த வேகம் வந்தது.

மிருதங்கம் மாதிரி எதுவும் கிடையாது அப்பா. மாண்டலின்காரர் கம்பியை மீட்டி உடனே விரலைத் தளர்த்துகிறார். 'சக்' என்று ஒரு வெட்டு. அதுவும், ஆள் உயர வயலின் போன்ற பாஸ் வாத்தியமும்தான் தாளம். ஒருவர் முன்னே வந்து தன் கற்பனையை வாசிக்கும்போது மற்றவர்கள் தணிந்துவிடுகிறார்கள். யாரும் கை காட்டுவதில்லை, கண்ணாலேயே பேசிக்கொள்கிறார்கள். நீங்கள் பக்கவாத்தியம் வாசிக்கும்போது பாடகர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்களே, அதேதான்.

வயலினை ஃபிடில் என்கிறார்கள். நம் வயலினேதான்! ஆனால் நின்றுகொண்டு, தோளில் வைத்து வாசிக்கிறார்கள். கம்பிகளை நம்மைப் போல ப-ஸ-ப-ஸ என்று சேர்ப்பதில்லை. ஒவ்வொரு கம்பியும் முந்தையதற்குப் பஞ்சமம். மாண்டலினுக்கும் அதே சுருதிதான், அதனால் இதைக் கற்றவருக்கு அதுவும் பாதி வந்துவிடுகிறது.

இந்த ஊரில் இன்னொரு கூட்டம் உண்டு. ப்ளூகிராஸில் வளர்ந்த கையோடு ஜாஸும் மேற்கத்திய சாஸ்திரிய இசையும் கலந்து சொந்தமாக எழுதுகிறார்கள். 2006-இல் இங்கே புது சிம்பனி அரங்கம் திறந்தபோது, பேலா ஃப்ளெக்கின் பாஞ்சோ, எட்கர் மேயரின் பாஸ், நம் ஜாகிர் உசேனின் தபலா மூன்றுக்குமாக ஒரு கச்சேரிப் படைப்பை மூவரும் சேர்ந்து எழுதி வாசித்தார்களாம். அதன் பதிவை இரவில் கேட்கிறேன். பாஞ்சோ சொல்லும் கணக்கைத் தபலா வாங்கித் திருப்பித் தருகிற இடம் வரும்போது, நம் வீட்டுத் திண்ணையில் இருப்பது போல எனக்குக் கண் நிறைந்துவிடும்.

போன வாரம் ஒரு வயதான ஃபிடில்காரர் ஒரு பழைய மெட்டு வாசித்தார். ஸ ரி க ப த, அப்படியே மோகனம்! இடைவேளையில் நானே போய் ஆரோகண அவரோகணம் பாடிக் காட்டினேன். கேட்ட மாத்திரத்தில் வாசித்துவிட்டார். ஆனால் காந்தாரத்தை நான் அசைத்துப் பாடியபோது நிறுத்தினார். அவரும் வழுக்கித்தான் வாசிப்பார், ஆனால் ஒரு ஸ்வரத்திலேயே நின்று அசைவது அவருக்குப் புதிது. நாலைந்து முறை பாடச் சொல்லிக் கேட்டார். என் குரலில் சரியாக வரவில்லை.

அதனால் ஒரு வேலை, அப்பா. மோகனத்தில் பத்து நிமிட ஆலாபனை வாசித்து, தம்பியை விட்டுப் போனில் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். எப்போதும் வைக்கிற ஒரு கட்டை சுருதி வேண்டாம், இரண்டு கட்டை வையுங்கள். இங்கே அதை டி (D) என்கிறார்கள், அவருக்குக் கூடவே வாசித்துப் பார்க்க வசதி. காந்தாரத்தில் மட்டும் கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்