அழிக்க முதல் அந்தக் குறியீட்டை வாசியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

லப்டொப் வேலை செய்துகொண்டிருக்கும்போதே திரை முழுக்க நீலமாகி, தானாக நின்று மறுபடி தொடங்கும் கோளாறு பலருக்கும் தெரிந்ததுதான். அதைத் திருத்தக் கொண்டுபோனால் எங்கள் பக்கத்துக் கடைகள் பலவற்றில் ஒரே வைத்தியம்தான் நடக்கிறது. உள்ளே இருப்பதை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுகிறார்கள். இதைப் பற்றி ஒரு முறைப்பாடும் ஒரு வேண்டுகோளும் எழுத விரும்புகிறேன்.

நான் யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்து பிழைப்பவள். கூடுதலாக வருவது கல்வெட்டு, அதாவது இறந்தவரின் நினைவாக அச்சிடும் புத்தக வேலை. அந்தியேட்டிக்கு, அதாவது இறந்து 31 ஆம் நாள் செய்யும் கிரியைக்குப் புத்தகம் வீட்டில் இருக்கவேண்டும். தள்ளிப்போடக்கூடிய தவணை இல்லை அது. லண்டனில் இருந்து மகன் வைபரில் படம் அனுப்புவார், ரொறன்ரோவில் இருக்கும் மகள் "அந்தப் படம் வேண்டாம் அக்கா, இதைப் போடுங்கோ" என்பார். ஊரில் இருக்கிற சித்தப்பாவுக்கு வம்சாவளியில் தன் பெயர் எங்கே வருகிறது என்பதுதான் கவலை. இவ்வளவையும் சமாளித்து அச்சகத்துக்குக் கொடுக்கும் தறுவாயில்தான் என் லப்டொப்பில் நீலத்திரை வரத் தொடங்கியது. சோக முகம், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் "மெமரி மனேஜ்மென்ட்" என்று ஒரு வரி. போனில் படம் எடுத்துக்கொண்டு ரவுணில் ஒரு கடைக்குப் போனேன்.

அங்கிருந்த தம்பி நான் நீட்டிய படத்தைப் பார்க்கவே இல்லை. "விண்டோஸ் அடிச்சுவிட்டால் சரிவரும் அக்கா, பின்னேரம் வாங்கோ" என்றார். உள்ளே வேலை இருக்கிறது, எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். டெஸ்க்டொப்பில் கிடந்ததை மட்டும் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தார். மற்றதெல்லாம் போய்விட்டது. நான் தட்டச்சுக்குப் பாவிக்கும் பாமினி என்ற தமிழ் எழுத்துருவும் இல்லை, மிஞ்சிய கோப்பைத் திறந்தால் சிவபுராணம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தது. எழுத்துருவைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், அது பெரிய காரியமில்லை. பேரப்பிள்ளைகள் எழுதிய நினைவுக் குறிப்புகளை யாரிடம் போய்த் திரும்பக் கேட்பது?

ஒரு கிழமை போகவில்லை, அதே நீலம், அதே வரி. மறுபடி கொண்டுபோனால், "அப்ப மதர்போட்தான் போயிட்டுது" என்றார்கள். கணினியின் தாய்ப்பலகையான அதற்குக் கேட்ட விலையில் பாவித்த லப்டொப் ஒன்றே வாங்கலாம்.

கடைசியில் கோப்பாயில் வீட்டிலேயே திருத்த வேலை செய்யும் ஒரு பையன்தான் அந்த வரியை வாசித்தான். விண்டோஸுக்குள்ளேயே ராமை, அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தைச் சோதிக்கும் கருவி ஒன்று இருக்கிறது. தேடும் இடத்தில் "மெமரி டயக்னொஸ்டிக்" என்று அடித்தால் வரும். அதை ஓடவிட்டான். பிழை இருப்பதாகச் சொன்னது. என் லப்டொப்பில் ராம் இரண்டு துண்டு. ஒன்றைக் கழற்றிவிட்டு ஓடவிட்டான், பிறகு அதைப் போட்டு மற்றதைக் கழற்றினான். எந்தத் துண்டு பழுது என்று தெரிந்துவிட்டது. மதர்போட்டுக்கு ஒன்றும் இல்லை.

அப்படியானால் விண்டோஸ் புதிதாகப் போட்டதும் சில நாள் ஒழுங்காக ஓடியது எப்படி என்று கேட்டேன். புதிதாகப் போட்ட கணினியில் ஒன்றும் இருக்காது, ராமில் கொஞ்ச இடம்தான் பாவனையாகும், பழுதான பகுதியைத் தொடுவது அரிது என்றான். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரும் பெரிய படங்களும் பிரவுசரும் ஒன்றாகத் திறந்திருக்கும்போது அந்த இடத்தைத் தொட்டே ஆகவேண்டும். போமட் பண்ணியதும், அதாவது அழித்துப் புதிதாகப் போட்டதும் "சரிவந்துவிட்டது" என்று கடையும் நம்புகிறது, நாமும் நம்பிக் காசு கொடுக்கிறோம். பழுது உள்ளேயே இருக்கிறது.

அந்தத் திரையில் வரும் ஒவ்வொரு குறியீடும் வேறு வேறு இடத்தைக் காட்டுகிறது. "டிரைவர் பவர் ஸ்டேட் பெயிலியர்" என்று வந்தால் பெரும்பாலும் கணினி உறங்கப் போகும்போதோ எழும்பும்போதோ ஏதோ ஒரு டிரைவர், அதாவது ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருள் ஒத்துழைக்கவில்லை. அண்மையில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கியிருந்தால், டிவைஸ் மனேஜருக்குள் போய் அந்த டிரைவரைப் பழைய பதிப்புக்குத் திருப்பினாலே போதும். "இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்" என்றால் விண்டோஸ் இருக்கும் டிஸ்கை அதனால் எட்ட முடியவில்லை. "டபிள்யூ.எச்.ஈ.ஏ." என்று தொடங்கினால் வன்பொருளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வன்பொருள் பழுதுக்கு விண்டோஸை எத்தனை தரம் போட்டாலும் பயனில்லை. சித்திரை வெயிலில் சூடேறி அணைகிற லப்டொப் பெரும்பாலும் திரை எதுவும் காட்டாமல் சட்டென்று நிற்கும். அது வேறு கதை, காற்றாடியைத் துப்புரவாக்க வேண்டும்.

வாசிப்பதற்குள் திரை மறைந்துவிடுகிறது என்பார்கள். மறைந்தாலும் பதிவு இருக்கும். தொடக்கப் பட்டியலில் "ரிலயபிலிட்டி" என்று தேடினால் எந்த நாள் எது விழுந்தது என்று ஒரு வரைபடமே வரும். விண்டோஸ் கோப்புறைக்குள் "மினிடம்ப்" என்ற கோப்புறையில், விழும்போது நினைவகத்தில் இருந்ததன் ஒரு பகுதி சேமிக்கப்பட்டிருக்கும். மைக்ரோசொப்ட் இலவசமாகத் தரும் வின்டிபிஜி என்ற மென்பொருளில் அதைத் திறந்தால், பல தடவை எந்த டிரைவர் கோப்பில் சந்தேகம் என்று பெயரோடே சொல்லும். திரையில் நூறு வீதம்வரை ஒரு எண் ஏறுவது இதைச் சேமிக்கும்போதுதான். பொறுமை இழந்து பவர் பட்டனை அமத்திப் பிடித்தால் அந்தத் தடயம் கிடைக்காமல் போகலாம். 2025 இல் விண்டோஸ் 11 இல் இந்தத் திரையைக் கறுப்பாக்கிவிட்டார்கள், சோக முகமும் எடுபட்டுவிட்டது. குறியீட்டு வரி மட்டும் இருக்கிறது.

இன்னொன்று, வெளிநாட்டுப் பிள்ளைகள் வாங்கி அனுப்பிய லப்டொப்போடு தனியே இருக்கும் பெரியவர்களுக்கு: இணையத்தில் எதையோ அமத்தும்போது நீலத்திரை வந்து, "உடனே இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்" என்று போன் நம்பர் காட்டினால் அது ஏமாற்று. உண்மையான நீலத்திரையில் அழைக்கச் சொல்லித் தொலைபேசி இலக்கம் வராது.

2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் நீலத்திரை வந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பிழையான அப்டேட் காரணம். ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசொப்ட் சொன்னது. அதற்குச் சொல்லப்பட்ட திருத்தம், மிகத் தேவையானவற்றோடு மட்டும் விண்டோஸ் தொடங்கும் ஸேப் மோடில் போய் அந்த ஒரு கோப்பை அழிப்பது. எங்கள் கடைகளில் அன்று அந்தக் கணினிகள் வந்திருந்தால் எத்தனை போமட் ஆகியிருக்குமோ!

போமட் ஒருபோதும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2022 இல் மணிக்கணக்காக மின்வெட்டுப் பட்டோம். பற்றரி செத்த லப்டொப்பை நேரே கரண்டில் ஓட்டியவர்கள் பலர். அப்படித் திடீர் திடீரென்று நின்றால் விண்டோஸின் கோப்புகள் கெடலாம். அதற்கும் முதலில் கெட்ட கோப்புகளைத் திருத்தும் "எஸ்.எப்.சி." என்ற கட்டளையை ஓடவிட்டுப் பார்க்கலாம், அதுவும் சரிவராவிட்டால் புதிதாகப் போடட்டும். ஆனால் டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் கொழுவி, உள்ளதை முழுதாகப் பிரதி எடுத்த பிறகு. முந்தைய ஹார்ட் டிஸ்கில் அழிந்ததை மீட்கக் கொஞ்சமாவது வாய்ப்பு இருந்தது. இப்போதைய எஸ்.எஸ்.டி. என்ற சுழலாத டிஸ்கில் அழித்த இடத்தை டிஸ்கே துடைத்துவிடுவதால் மீட்பது மிகக் கடினம். டிஸ்க் பிட்லொக்கர் என்ற விண்டோஸ் வசதியால் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புத் திறப்பும் (நீண்ட இலக்கம்) வேண்டும். அது பொதுவாக மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். வாங்கும்போது கடைக்காரர் தன் மின்னஞ்சலிலேயே கணக்குத் திறந்து கொடுத்திருந்தால் திறப்பும் அவர் கணக்குக்குத்தான் போயிருக்கும். இதை வாங்குகிற அன்றே கேட்டுக்கொள்ள வேண்டும்.

1995 ஒக்டோபர் 30 இரவு போருக்கு அஞ்சி வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் இருந்த பையை அம்மா தோளில் இருந்து இறக்கவே இல்லை. அப்படிக் கடதாசியைக் காப்பாற்றிய சனங்களின் ஆவணங்கள் இப்போது லப்டொப்புக்குள் இருக்கின்றன. அதை வாங்கி ஒரு பின்னேரத்தில் அழிக்கிறவர், "அழிக்கட்டோ?" என்று ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா?

கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ராமைச் சோதிக்க ஓர் இரவு போகும். அடுத்தநாள் "ஒன்றும் கழற்றவில்லையே, ஏன் காசு?" என்று நாங்கள் பேரம் பேசுவோம். போமட்டுக்கு மட்டும் கேட்டதைக் கொடுப்போம், ஏனென்றால் கணினி புதுசு மாதிரித் தெரியும். பிழை கண்டுபிடிக்கும் வேலைக்கு யாரும் காசு தராத ஊரில் அந்தத் தம்பிமார் ஏன் கண்டுபிடிக்க வேண்டும்?

ஆகவே என் வேண்டுகோள் இரு பகுதியினருக்கும். கடைகள் பரிசோதனைக் கட்டணம் என்று ஒன்றைப் பலகையில் எழுதிப் போடட்டும். நாங்கள் அதை முணுமுணுக்காமல் கொடுப்போம். பற்றுச்சீட்டில் நீலத்திரையின் குறியீடு, என்ன சோதித்தார்கள், எதை மாற்றினார்கள் என்று எழுதப்படட்டும், கழற்றிய பாகம் கையில் தரப்படட்டும். அழிப்பதானால் வாடிக்கையாளரின் கையொப்பம் இல்லாமல் அழிக்கக்கூடாது. யாழ்ப்பாணத்தில் கணினித் தொழில் செய்வோர் தங்களுக்குள் கூடிப் பேசினால், இதற்குச் சட்டம்கூடத் தேவையில்லை, ஒரு பக்கப் படிவம் போதும். அந்தப் படிவத்தைத் தமிழில் இலவசமாக வடிவமைத்துக் கொடுக்க நான் தயார்.

இப்படிக்கு,
கணினி வடிவமைப்பாளர் ஒருவர்,
சுன்னாகம்.