யாருக்கும் சொந்தமில்லாத மொழி

அன்புள்ள நண்பா,

நலம். உன் நலமும் வீட்டில் எல்லோர் நலமும் அறிய ஆவல். முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். மாடி ஏறுவதை இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடு.

கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி போட்டிருக்கிறாய்: "பல மொழி பேசும் நாடு ஆங்கிலத்தை மட்டும் ஆட்சிமொழியாக வைத்துக்கொண்டால் சண்டையே இல்லையே, சிங்கப்பூரைப் பார்!" மூன்று நாளாக எனக்கு அதுதான் மண்டைக்குள் ஓடுகிறது.

முதலில் சிங்கப்பூரை ஒதுக்கிவைப்போம். அங்கே ஆட்சிமொழி ஒன்றல்ல, நான்கு: மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம். தேசிய மொழி மலாய். அலுவலகமும் பள்ளியும் ஆங்கிலத்தில் நடப்பது உண்மைதான். ஆனால் அது ஒரே நாளில் சட்டம் போட்டு வந்ததல்ல. வேலை ஆங்கிலத்தில்தான் கிடைக்கிறது என்று கண்ட பெற்றோர், ஆண்டுக்கு ஆண்டு பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு மாற்றிக்கொண்டே வந்தார்கள். 1987-இல் எல்லாப் பள்ளிகளுக்கும் ஆங்கிலமே முதல்மொழி என்று ஆனபோது, மற்ற மொழிப் பள்ளிகளில் சேர ஆள் வற்றிப்போயிருந்தது. அப்போதும் தாய்மொழியை இரண்டாம் மொழியாகப் படித்தே ஆகவேண்டும் என்று வைத்தார்கள்.

நீ சொன்னதை அச்சு அசலாகச் செய்துபார்த்த நாடு, தென்மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் நமீபியா. 1990 மார்ச் 21-இல் தென்னாப்பிரிக்காவின் பிடியிலிருந்து விடுபட்டது. அதற்கு நாற்பது நாள் முன்னால் ஏற்றுக்கொண்ட அரசியல் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, நமீபியாவின் ஆட்சிமொழி ஆங்கிலம் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டது. அப்போது மக்கள்தொகை சுமார் 14 லட்சம். வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

ஏன் ஆங்கிலம்? ஏறத்தாழப் பாதி மக்கள் வீட்டில் பேசுவது ஒஷிவாம்போ. அதை வைத்திருக்கலாமே என்று தோன்றும். எண்ணிக்கையில் பெரியவன் மொழி எல்லோர் தலையிலும் ஏறினால் மற்றவன் கதி என்ன என்பதை, 1965-ஐப் பார்த்த ஊர்க்காரனுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விடுதலைப் போரை நடத்திய ஸ்வாப்போ கட்சிக்கு ஒஷிவாம்போ பேசும் வடக்குப் பகுதியில்தான் வேர். மொழியும் அவர்களுடையது என்றால் மற்றவர்கள் மிரண்டிருப்பார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒஷிவாம்போவுக்கு எழுத்து வழக்கே இரண்டு: ஒஷிண்டோங்கா, ஒஷிக்வான்யாமா. ஃபின்லாந்து பாதிரிமார்கள் ஒரு பக்கம், ஜெர்மன் பாதிரிமார்கள் மறுபக்கம் உட்கார்ந்து எழுத்தாக்கியதால் வந்த வினை. இரண்டுக்கும் இன்றுவரை தனித்தனிப் பாடநூல்.

வெவ்வேறு இனத்தார் சந்தையில் பேசிக்கொண்டது, குறிப்பாகத் தெற்கிலும் தலைநகர் விண்ட்ஹோக்கிலும், ஆஃப்ரிகான்ஸ். ஆனால் டச்சிலிருந்து பிறந்த அந்த மொழி, தென்னாப்பிரிக்க இனஒதுக்கல் அரசின் மொழி. 1976 ஜூனில் தென்னாப்பிரிக்காவின் சோவெட்டோ மாணவர்கள் தெருவுக்கு வந்ததே, கணக்கையும் சமூகப் பாடத்தையும் ஆஃப்ரிகான்ஸில் படி என்று திணித்ததற்குத்தான். அதே ஆண்டு ஜாம்பியாவின் லுசாகாவில், விடுதலைக்குப்பின் நிர்வாகம் நடத்த நமீபியர்களைத் தயார்செய்யும் ஐ.நா. நமீபியா நிறுவனம் தொடங்கியது. அதன் இயக்குநர் ஹேகே காயின்கோப். பின்னாளில் அரசியல் சட்டம் எழுதிய அவைக்குத் தலைவர், முதல் பிரதமர், அப்புறம் குடியரசுத் தலைவர் ஆனவர். அந்த நிறுவனம் 1981-இல் வெளியிட்ட மொழிக்கொள்கை அறிக்கைதான் ஆங்கிலத்துக்கு வழி போட்டது.

அந்த அறிக்கை ஒவ்வொரு மொழியையும் எட்டு அளவுகோலால் அளந்தது. நாட்டு ஒற்றுமை, மக்கள் ஏற்பு, பரிச்சயம், நடைமுறைச் சாத்தியம், அறிவியல் தொழில்நுட்பம், ஆப்பிரிக்க ஒற்றுமை, வெளியுலகத் தொடர்பு, கடைசியாக ஐக்கிய நாடுகள் சபை. ஐ.நா.வில் புழங்கும் மொழியா என்பதை ஒரு கேள்வியாக வைத்தால் ஒஷிவாம்போ எப்படித் தேறும்? மாப்பிள்ளையை முடிவு செய்துவிட்டு ஜாதகம் பார்த்த கதை. எத்தனை பேருக்கு அந்த மொழி தெரியும் என்பதும் எட்டில் ஒன்றுதான், ஐ.நா.வுக்கு இருந்த எடைதான் அதற்கும்.

இருந்தாலும் தேர்வைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் ஆங்கிலத்துக்குத்தான் கை தூக்கியிருப்பேன். யாருக்கும் சொந்தமில்லாத மொழி என்றால் எல்லோருக்கும் சமமான மொழி என்று எடுத்துக்கொண்டதில்தான் பிசகு. ஆட்சிமொழி என்று ஒரே சொல்லில் சொல்கிறோமே தவிர, அது ஐந்து வேலை செய்கிறது. சட்டத்தை எழுத ஒரு மொழி, கோப்பு நடத்த ஒன்று, ஜன்னலுக்கு வெளியே நிற்கிற ஆளிடம் பேச ஒன்று, சாட்சி சொல்ல ஒன்று, பிள்ளை படிக்க ஒன்று. முதல் இரண்டுக்கும் ஆங்கிலம் மட்டும் போதும், யாருக்கும் பெரிய கேடில்லை. மற்ற மூன்றில்தான் அடி விழுகிறது.

ஜன்னலை எடுத்துக்கொள். விண்ட்ஹோக்கிலிருந்து தெற்கே சுமார் 90 கிலோமீட்டரில் ரெஹோபோத். பாஸ்டர்கள் என்ற சமூகத்தாரின் ஊர். பெயரைப் பார்த்து முகம் சுளிக்காதே, கலப்பில் பிறந்தவர்கள் என்ற பொருளில் அவர்களே பெருமையாக வைத்துக்கொண்டது. தாய்மொழி ஆஃப்ரிகான்ஸ். 1992 மார்ச்சில் அந்த வட்டார ஆணையரிடமிருந்து அரசு அலுவலர்களுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. அலுவலக நேரத்தில் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது, தொலைபேசியில்கூட வேறு மொழியில் பதில் சொல்லாதே என்று. எடுத்தவருக்கும் ஆஃப்ரிகான்ஸ் தெரியும், கூப்பிட்டவருக்கும் தெரியும். ஆனாலும் ஆங்கிலத்தில்தான் பேசவேண்டும்!

சமூகத் தலைவரும் வேறு சிலரும் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார்கள். 2000 ஜூலையில் முடிவு வந்தது. நிலம், தன்னாட்சி பற்றிய வாதம் எடுபடவில்லை. நீதிமன்றத்தில் ஆங்கிலம் வைத்தது பற்றிய முறையீடும் நிற்கவில்லை, அதனால் நியாயமான விசாரணை எப்படிக் கெட்டது என்று காட்டவில்லை என்றார்கள். சுற்றறிக்கை விஷயத்தில் மட்டும் அரசு தோற்றது. ஆவணம் எந்த மொழியில் கொடுப்பது என்பது வேறு, தெரிந்த மொழியில் தொலைபேசியில் பேசாதே என்பது வேறு, இது பாகுபாடு என்றது குழு. குழுவுக்குள்ளேயே சிலர் ஒப்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பெரும்பான்மை பக்கம். நமீபிய அரசியல் சட்டத்தின் அதே 3-ஆம் பிரிவிலேயே, ஒரு மொழி பேசுவோர் கணிசமாக இருக்கும் பகுதியில் அரசு வேலைக்கும் நீதிமன்றத்துக்கும் அந்த மொழியைச் சட்டம் போட்டு அனுமதிக்கலாம் என்று வாசல் திறந்துதான் இருக்கிறது. சுற்றறிக்கை எழுதியவர் முதல் வாக்கியத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டார் போலிருக்கிறது.

விண்ணப்பப் படிவத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. நமீபியாவின் இன்னொரு மொழியான கோய்கோய்கோவாப்பில் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலி நான்கு. அவற்றில் ஒன்றன் குறி பார்க்க ஆச்சரியக்குறி மாதிரி இருக்கும், மற்றவை நெட்டைக்கோடுகள். ஆங்கிலத் தட்டச்சுப் பலகையில் இவற்றுக்கு இடமில்லை. குறியை விட்டுவிட்டால் வேறு பெயராகிவிடும், நிறுத்தற்குறியைப் போட்டு ஒப்பேற்றினால் கணினி அதைப் பெயரில் சேராது என்று தள்ளும். 2013-இல் தெற்கே கராஸ் மண்டலத்தின் பெயருக்கு முன்னால் அந்தக் குறிகளில் ஒன்றான இரட்டைக்கோட்டை அதிகாரபூர்வமாகவே சேர்த்தார்கள்.

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் உண்டு. ஆனால் சாட்சி தன் மொழியில் சொன்னதல்ல, மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னதுதான் பதிவேட்டில் ஏறும். மேல்முறையீட்டு நீதிபதி படிப்பதும் அதைத்தான். நம் கணக்கில் யோசி: சாட்சி "மாமா" என்கிறார், பதிவில் "அங்கிள்". அம்மாவின் தம்பியா, அத்தையின் கணவரா, பக்கத்து வீட்டுக்காரரா? சொத்து வழக்கில் அந்த ஒரு சொல்லில் தீர்ப்பே புரண்டுவிடும். பெரிய செலவில்லாத தீர்வு, மூலமொழி ஒலிப்பதிவையும் வழக்குக் கோப்போடு சேர்த்து வைப்பது. எழுத்தில் சந்தேகம் வந்தால் திரும்பக் கேட்கலாம்.

இனிப் பள்ளிக்கூடம். பெரிய அடி இங்கேதான். 1990களின் தொடக்கத்தில் வந்த கொள்கைப்படி முதல் மூன்று வகுப்பு தாய்மொழியில், நான்காம் வகுப்பு மாறும் ஆண்டு, அதற்கு மேல் ஆங்கிலம். காகிதத்தில் பழுதில்லை. நான்காம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் திற. பன்னிரண்டு ஆரஞ்சில் ஐந்தைக் கொடுத்துவிட்டாள், "ஹவ் மெனி ஆர் லெஃப்ட்?" மூன்று ஆண்டு ஆங்கிலத்தை ஒரு பாடமாக மட்டும் படித்த பிள்ளைக்கு "லெஃப்ட்" என்றால் இடதுகை. "டேபிள்" என்றால் மேசை. கணக்கு வாத்தியாருக்கு அது வாய்ப்பாடு, அறிவியல் புத்தகத்தில் அட்டவணை. "வால்யூம்" வானொலிப் பெட்டியில் சத்தம், கணக்கில் கனஅளவு. கழித்தல் தெரிந்த பிள்ளை கணக்கில் தோற்கிறது, தோற்றது மொழியில் என்று மதிப்பெண் தாளில் எங்கும் எழுதியிருக்காது.

ஆசிரியர் என்ன செய்வார்? விளக்கத்தை ஊர்மொழியில் சொல்லிவிட்டு, பலகையில் ஆங்கிலக் குறிப்பை எழுதிப்போடுவார். பிள்ளைகள் பார்த்து எழுதி, கூட்டாகச் சொல்லி, மனப்பாடம் செய்யும். ஒரே மொழி பேசும் வடக்குக் கிராமத்தில் இப்படி ஒப்பேற்றலாம். ஒரு வகுப்பில் நான்கைந்து மொழிப் பிள்ளைகள் உட்காரும் விண்ட்ஹோக்கில் அதுவும் முடியாது.

அந்த ஆசிரியரின் ஆங்கிலமும் அதே கிணற்றுத் தண்ணீர்தான். 2011-இல் அரசே ஆசிரியர்களுக்கு ஆங்கிலத் தேர்வு வைத்தது. நூற்றுக்கு 98 பேருக்கு மேற்பயிற்சி தேவை என்று முடிவு வந்து நாடே அதிர்ந்தது. நாள்கணக்கைப் பார். 1990-இல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் 2011-இல் தாங்களே ஆசிரியர்களாகி வந்துகொண்டிருந்த நேரம் அது. ஆங்கிலம் வராத ஆசிரியரிடம் ஆங்கிலத்தில் படித்தவர் அடுத்த தலைமுறைக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுக்கிறார். ஆசிரியர்களைத் திட்டிப் பயனில்லை, வரிசை தலைகீழ். முதலில் ஆசிரியர், அப்புறம் பாடநூல், அதற்கப்புறம் வகுப்பு, கடைசியாகத் தேர்வு என்று போயிருக்க வேண்டும். விடுதலை பெற்ற வேகத்தில் வகுப்பையும் தேர்வையும் முன்னே தள்ளிவிட்டார்கள்.

ருவாண்டா இன்னும் மோசம். 2008-இல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குத் தாவினார்கள். 2011-இல் முதல் மூன்று வகுப்புக்குத் தாய்மொழியான கின்யருவாண்டாவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2019 கடைசியில் மறுபடி முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் என்றார்கள். இத்தனைக்கும் அங்கே ஏறக்குறைய எல்லோருக்கும் தாய்மொழி ஒன்றுதான். பொதுமொழி தேடவேண்டிய தேவையே இல்லாத நாடு.

என்னைக் கேட்டால், நான்காம் வகுப்பில் பாலத்தை அவ்வளவு செங்குத்தாகப் போடக்கூடாது. கணக்கையும் அறிவியலையும் ஆறாம் வகுப்புவரையாவது தாய்மொழியில் நடத்தவேண்டும். ஐந்து, ஆறாம் வகுப்புகளில் கலைச்சொல்லை மட்டும் இரண்டு மொழியிலும் அருகருகே அச்சிடலாம். மாற்றும்போது ஆண்டுக்கு ஒரு வகுப்பு, அந்த வகுப்பு ஆசிரியர் தேர்வில் தேறியபிறகுதான். நமீபியாவில் தொடக்க வகுப்புகளுக்குப் பதின்மூன்று மொழியில் பாடம் உண்டு, அதனால் செலவு கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் முதல் மூன்று வகுப்புக்கு அந்த மொழிகளில் எழுதவும் அச்சடிக்கவும் ஏற்கெனவே ஆள் இருக்கிறது, மேலே மூன்று வகுப்புக்கு நீட்டுவதுதான் பாக்கி. பெற்றோர் ஒப்புவார்களா என்பது பெரிய கேள்வி. அனுமதி வாங்கி முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் நடத்தும் பள்ளிகளை அவர்களே தேடிப்போகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது, வேலைக்கான நேர்காணல் ஆங்கிலத்தில் நடக்கிறதே.

சண்டையே இல்லை என்று எழுதினாயே, அதில் பாதி உண்மை. மொழிக்காக நமீபியாவில் யாரும் துப்பாக்கி தூக்கவில்லை, அதைச் சின்ன விஷயம் என்று தள்ளமாட்டேன். நம் நாட்டிலேயே நாகாலாந்து 1967-இல் ஆங்கிலத்தை ஆட்சிமொழி ஆக்கியதும் இதே காரணத்துக்குத்தான். ஒரு நாகா இனத்தின் மொழியை மற்ற இனங்கள் ஏற்காது. கடைத்தெருவில் ஓடுவதென்னவோ நாகாமீஸ் என்ற கலப்புமொழி.

நீ அனுப்பிய அமெரிக்கச் செய்தித் துணுக்கும் கிடைத்தது. அதிபர் டிரம்பின் 2025 மார்ச் 1 ஆணை ஆங்கிலத்தை ஆட்சிமொழி என்று அறிவித்தது. ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கு அரசுத்துறைகள் சேவை செய்ய வழிகாட்டிய 2000-ஆம் ஆண்டு ஆணையை அது ரத்து செய்தது. ஆனால் இப்போது கொடுக்கும் சேவையை நிறுத்தச் சொல்லவில்லை, வேற்றுமொழியில் எது வேண்டும் என்பதை ஒவ்வொரு துறைத்தலைவரும் முடிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறது. சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஸ்பானிய மொழியில் ஒரு தொலைபேசி வந்தால் எடுப்பவர் என்ன செய்வார் என்பது, அந்தத் துறைத்தலைவர் என்ன சுற்றறிக்கை அனுப்புகிறார் என்பதைப் பொறுத்தது. அந்தச் சுற்றறிக்கைகள் கண்ணில் பட்டால் நறுக்கி அனுப்பு. ரெஹோபோத் முடிவை முழுதாகப் படிக்கவேண்டுமென்றால் சொல், படி எடுத்து அனுப்புகிறேன். முப்பது பக்கத்துக்குள்தான் இருக்கும், மாறுபட்ட கருத்துகளையும் சேர்த்துப் படி.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்