வாங்காத கடனுக்கு வந்த கடிதங்கள்

சிட்னி
நவம்பர் 2025

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. அடுத்த கண்ணையும் தள்ளிப் போடாமல் செய்துகொள். நம் தமிழ் ஐயா போய்விட்டார் என்ற செய்திதான் அன்று முழுக்க மனதைப் பிசைந்தது. போன முறை வந்தபோது பார்த்திருக்கலாம்.

இங்கே எல்லோரும் நலம். மகளுக்கு மருத்துவமனையில் பாதி நாள் இரவுப் பணி, அதனால் பேத்தியைப் பள்ளியில் விடுவதும் அழைத்து வருவதும் என் பொறுப்பு. சனிக்கிழமைகளில் மட்டும் பக்கத்து நூலகத்துக்குப் போய், அரசாங்கப் படிவங்களை நிரப்பத் தெரியாதவர்களுக்கு உதவி செய்கிறேன். கணக்குப் பிரிவில் வேலை பார்த்த காலத்துப் பழக்கம் இதற்காவது பயன்படுகிறது.

போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய். "உங்கள் ஊரில் வேலை இல்லாதவனுக்கும் அரசாங்கமே சம்பளம் கொடுக்கிறது, அப்புறம் என்ன குறை?" என்று. இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதிலும் கேட்டது நீ. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில், அதுவும் உதவித்தொகைப் பிரிவில், அத்தனை வருஷம் உட்கார்ந்தவன். ஒரு கோப்பு எங்கே சரியாகப் போகும், எங்கே தப்பாகும் என்று உனக்குத் தெரியும். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

பணம் கொடுப்பது உண்மைதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் வந்து விழும். சிட்னி வாடகைக்கு அது எந்த மூலைக்கு என்பது தனிக் கதை. வாங்குகிறவர் அந்த இரண்டு வாரத்துக்குள் ஏதாவது சில்லறை வேலை செய்து சம்பாதித்தால், அதைத் தெரிவிக்க வேண்டும். அதற்கேற்ப உதவித்தொகை குறையும். ஆக, கணக்கு இரண்டு வாரத்துக்கு இரண்டு வாரம். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

உதவித்தொகை கொடுக்கும் ஆஸ்திரேலிய அரசு அமைப்புக்கு சென்டர்லிங்க் என்று பெயர். 2015 பட்ஜெட்டில் அன்றைய அரசு, அதிகமாக வாங்கிவிட்டவர்களிடமிருந்து வசூலித்து 170 கோடி டாலர் மிச்சம் பிடிக்கப்போவதாகக் கணக்குக் காட்டியது. அதற்காக வந்ததுதான் பின்னால் ரோபோடெப்ட் என்று எல்லோரும் அழைத்த திட்டம். 2016-ல் முழுவீச்சில் ஓடத் தொடங்கியது. வருமான வரித் துறையிடமிருந்து ஒருவருடைய வருஷ வருமானத்தை எடுத்துக்கொள்வார்கள். வருஷத்தில் 26 இரு வாரங்கள் அல்லவா, அந்தத் தொகையை 26-ஆல் வகுப்பார்கள். வருகிற சராசரியும், அந்த ஆள் அந்தந்த இரு வாரங்களில் எழுதிக் கொடுத்த வருமானமும் ஒத்துப்போகவில்லை என்றால், அவர் பொய் சொன்னதாக அர்த்தம்.

ஒரு பெண்ணை எடுத்துக்கொள். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை ஒரு கடையில் வேலை பார்த்தாள், இரண்டு வாரத்துக்கு 2,000 டாலர் வீதம் 26,000 சம்பாதித்தாள். ஜனவரியில் கடையை மூடிவிட்டார்கள். மீதி ஆறு மாதம் உதவித்தொகை வாங்கினாள், வருமானம் பூஜ்யம் என்று உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்தாள். எங்கேயும் தப்பில்லை. ஆனால் 26,000-ஐ 26-ஆல் வகுத்தால் 1,000 வருகிறது. உடனே, வேலை இல்லாத ஒவ்வொரு இரு வாரத்திலும் நீ 1,000 டாலர் சம்பாதித்து மறைத்துவிட்டாய், வாங்கியதைத் திருப்பிக் கட்டு என்று கடிதம் வந்து நிற்கும். ஐப்பசியில் கொட்டிய மழையைப் பன்னிரண்டு மாதத்துக்கும் பங்கு போட்டுவிட்டு, சித்திரையில் உன் கிணற்றில் தண்ணீர் இருந்ததே, எங்கே மறைத்தாய் என்று கேட்பது போல. எட்டாம் வகுப்புப் பையனுக்கே புரிகிற தப்பு இது.

சராசரியைவிட என்னைக் கோபப்படுத்துவது அடுத்தது. இது கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது யார்? அந்தப் பெண்தான். ஐந்து, ஆறு வருஷத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டுகளைத் தேடிக் கொண்டுவர வேண்டும். மூடிப்போன கடை முதலாளியை எங்கே போய்ப் பிடிப்பாள்? பல பேருக்கு முதல் கடிதமே பழைய முகவரிக்குப் போனது. போய்ச் சேர்ந்த கடிதத்திலும், இதற்கென்று இருந்த உதவி எண்ணை அச்சடிக்கவில்லை. பதில் வரவில்லை என்றால் சராசரிக் கணக்கே முடிவாகும், அதன் மேல் பத்து சதவீதம் அபராதம் மாதிரி ஒரு கட்டணம். பிறகு தனியார் வசூல்காரர்கள் தொலைபேசியில் அழைப்பார்கள். வரித் துறை திருப்பித் தர வேண்டிய பணத்தையும் பிடித்துக்கொள்வார்கள்.

உன் அலுவலகத்தில் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய்தான். ஐந்து வருஷம் பதிவு செய்து காத்திருந்தவனுக்குத்தான் அதுவும். ஆனாலும் ஒருவன் சுய உறுதிமொழி ஆவணத்தைக் கொடுத்தால் நீ அதை நம்பி வாங்கி வைப்பாய். சந்தேகம் வந்தால் விசாரிப்பது உன் வேலை. இங்கேயும் முன்பெல்லாம் அப்படித்தான் இருந்தது. கணக்கு உதைத்தால் ஊழியர் ஒருவர் எடுத்துப் பார்ப்பார், தேவைப்பட்டால் முதலாளியிடமே கேட்பார். அப்போது வருஷத்துக்கு சுமார் 20,000 பேரைத்தான் இப்படி விசாரித்தார்கள். அந்த மேசையில் ஆள் இல்லாமல் ஆக்கிய பிறகு, வாரத்துக்கு 20,000 கடிதங்கள் போயின.

கம்ப்யூட்டர் செய்த தப்பு என்று இங்கேயும் சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கம்ப்யூட்டர் சொன்னதைத்தான் செய்தது. இந்தக் கணக்கு செல்லாது என்று தெரிந்தவர்கள் உள்ளேயே இருந்தார்கள், சொல்லவும் செய்தார்கள். 2014 கடைசியிலேயே சமூக சேவைத் துறையின் சொந்த வழக்கறிஞர்கள், இப்படிச் சராசரி போட்டுக் கடன் நிர்ணயிப்பது சட்டத்துக்கு ஒத்துவராது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சட்டத்தைத் திருத்த வேண்டியிருக்கும் என்ற பேச்சும் இருந்தது. அமைச்சரவைக்குப் போன காகிதத்தில் அது காணாமல் போய்விட்டது. அப்போது சமூக சேவைத் துறை அமைச்சராக இருந்தவர் ஸ்காட் மோரிசன், பின்னால் பிரதமரானாரே அவர்தான். அமைச்சரவை தவறாக வழிநடத்தப்பட அவர் இடம் கொடுத்தார் என்று, இந்தத் திட்டத்தைப் பற்றிப் பின்னால் அமைத்த விசாரணை ஆணையம் எழுதியது. அவர் அதை மறுத்தார்.

இன்னும் இருவரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். ஒருவர் டெர்ரி கார்னி, சட்டப் பேராசிரியர். நிர்வாக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் பல பத்தாண்டுகளாக உறுப்பினர். 2017-ல் இந்த மாதிரி வழக்குகள் அவர் முன்னால் வந்தபோது, நிரூபிக்கும் பொறுப்பு அரசாங்கத்துடையது, சராசரி ஒரு சாட்சியமே ஆகாது என்று திரும்பத் திரும்பத் தீர்ப்பு எழுதினார். அரசு மேல்முறையீடு செய்யவில்லை. செய்திருந்தால் விஷயம் பகிரங்கமாகியிருக்கும். பேசாமல் அந்தந்த ஆளின் கணக்கை மட்டும் விட்டுவிட்டு, மற்றவர்களுக்குக் கடிதம் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் கார்னியின் பதவிக்காலம் முடிந்தது. நீட்டிக்கவில்லை.

மற்றவர் சென்டர்லிங்கிலேயே பல வருஷம் கணக்குச் சரிபார்த்த ஒரு பெண் ஊழியர். உன்னை மாதிரி ஒரு ஆள் என்று நினைத்துக்கொள். மேலதிகாரிகளுக்குத் தெரியவில்லை போலும், தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள் என்று நம்பி, துறைச் செயலருக்கே 2017-ல் எழுதினார். நாம் மக்களிடமிருந்து திருடுகிறோம் என்கிற அளவுக்குச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஆணையத்தின் முன் அவர் சாட்சி சொன்னதை நான் நேரலையில் பார்த்தேன். அன்று உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

எப்படி நான்கு வருஷம் இது ஓடியது என்று கேட்பாய். வாங்குகிறவன் ஏமாற்றுக்காரன் என்று ஊரே நம்பியதால்தான். 2016 டிசம்பரில் அமைச்சர் ஆலன் டட்ஜ் தொலைக்காட்சியில் வந்து, உங்களைத் தேடிக் கண்டுபிடிப்போம், கடனைக் கட்ட வைப்போம், சிறைக்கும் போக நேரலாம் என்றார். அதைக் கேட்டுப் பலர் தலையாட்டினார்கள். நம்மவர்களிலும் இருந்தார்கள், வீட்டுக் கடனும் இரண்டு வேலையுமாக ஓடுகிறவர்கள். எங்கள் வரிப்பணம்தானே என்றார்கள். ஆனால் நலத்திட்டங்களில் நடக்கும் மோசடி மிக மிகச் சொற்பம் என்பதுதான் ஆணையத்துக்குக் கிடைத்த சாட்சியம். அமைச்சர்கள் வருஷக்கணக்காகப் பேசியதைக் கேட்டவர்களுக்கு அப்படித் தோன்றியிருக்காது என்றும் ஆணையம் சேர்த்தே எழுதியது.

2019 நவம்பரில் ஒரு பெண் போட்ட வழக்கில், இந்தக் கடன் செல்லாது என்று அரசே கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகு எல்லாம் சரிந்தது. 4,33,000 பேர் மீது 176 கோடி டாலர் அளவுக்குச் சட்டவிரோதமாகக் கடன் சுமத்தியிருந்தார்கள், அதில் 75 கோடியை வசூலித்தும் இருந்தார்கள் என்று கூட்டு வழக்கில் வெளிவந்தது. வசூலித்ததைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2021-ல் நஷ்டஈடாக 11.2 கோடி. இந்த வருஷம் செப்டம்பரில் இன்னும் 47.5 கோடி கொடுக்க அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது.

உயிர்களை என்ன செய்வது, முருகேசா? வளர்ந்த பிள்ளைகளை இழந்த தாய்மார்கள் ஆணையத்தின் முன் உட்கார்ந்து பேசினார்கள். பையன் வாங்காத கடனுக்குப் பயந்து உயிரை விட்டான் என்று ஒரு தாய் சொல்லும்போது, அதற்கு என்ன கணக்கு, என்ன சராசரி? ஆணையத்தை நடத்திய கேத்தரின் ஹோம்ஸ் குவீன்ஸ்லாந்தின் முன்னாள் தலைமை நீதிபதி. 2023 ஜூலையில் அறிக்கை கொடுத்தார். நியாயமும் இல்லாத, சட்டமும் இல்லாத, முரட்டுத்தனமான, கொடூரமான ஏற்பாடு, பலரைக் குற்றவாளிகள் போல உணர வைத்தது என்று எழுதினார். ஒரு நீதிபதி இப்படி எழுதுவது சாதாரணமில்லை.

நடுவில் கோவிட் வந்தது. 2020 மார்ச்சில் சென்டர்லிங்க் அலுவலகங்களுக்கு வெளியே தெருக்கோடி வரை வரிசை நின்றது. உணவகத்தில், விமான நிலையத்தில், கடைகளில் வேலை பார்த்தவர்கள் ஒரே வாரத்தில் தெருவுக்கு வந்திருந்தார்கள். அந்த வரிசையைப் பார்த்து யாரும் சோம்பேறிகள் என்று சொல்லவில்லை. அரசு இரண்டு வாரத்துக்கு 550 டாலர் கூடுதலாகக் கொடுத்தது, உதவித்தொகை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. கொடுக்க முடியும் என்பது அப்போது தெரிந்துபோனது. ஒரு வருஷம் கழித்து அதை எடுத்துவிட்டு, வெறும் 50 டாலர் உயர்த்திக் கொடுத்தார்கள்.

இன்னமும் முடியவில்லை. வேலை தேடுகிறவர்களைக் கண்காணிப்பது இப்போது பெரும்பாலும் தனியார் முகமைகளின் கையில். ஒரு சந்திப்புக்குப் போகத் தவறினால் பணம் நிற்கும். பணத்தை அடியோடு நிறுத்துவதற்கு முன் அந்த ஆளின் நிலைமையைப் பார்த்து முடிவெடுக்க வழி செய்து 2022-ல் சட்டம் மாறியது. ஆனால் கணினி பழையபடியே ரத்து செய்துகொண்டிருந்தது. அப்படி தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் உதவித்தொகை சட்டத்துக்குப் புறம்பாக நிறுத்தப்பட்டதாக, குறைதீர்ப்பு அதிகாரி இந்த ஆகஸ்டில்தான் அறிக்கை கொடுத்தார். அத்தனை பெரிய ஆணையம் நடந்து முடிந்த பிறகும்!

நூலகத்துக்கு வருகிற ஒரு அம்மா, யாழ்ப்பாணத்துக்காரர், துப்புரவு வேலை போய் நாளாகிறது. அரசாங்க முத்திரை போட்ட உறை வந்தால் பிரிக்காமலே கொண்டுவந்து என் முன்னால் வைப்பார். "தம்பி, நீங்களே பாருங்கோ" என்பார். பெரும்பாலும் அது வெறும் தகவல் கடிதமாகத்தான் இருக்கும். இருந்தும், படித்துச் சொல்லி முடிக்கும்வரை அவர் நாற்காலியில் சாய்ந்து உட்காரமாட்டார்.

இன்னொன்று. கோபித்துக்கொள்ளாதே. சின்னவனைப் பற்றி "ஏழு மாதமாக வீட்டில் சும்மா கிடக்கிறான்" என்று எழுதியிருந்தாய். கம்பெனி நூற்றுக்கணக்கான பேரை ஒரே நாளில் அனுப்பியது என்பதையும் நீதான் எழுதினாய். அவன் சும்மா இருக்கிறான் என்று உனக்கு எப்படித் தெரியும்? எத்தனை இடத்துக்கு விண்ணப்பம் போட்டான் என்று கேட்டுப் பார்த்தாயா? உன் மேசைக்கு முன்னால் வந்து நின்றவர்களிடம் நீ அப்படிப் பேசியதே இல்லை, அது எனக்குத் தெரியும். அவனிடமும் பேசாதே. வீட்டில் அப்பா வாயால் வருவது அரசாங்கக் கடிதத்தைவிடப் பலமாக விழும்.

அவனுடைய பயோடேட்டாவை எனக்கு அனுப்பச் சொல். என் பழைய சகா ஒருவர் சென்னையில் ஆள் எடுக்கிற இடத்தில் இருக்கிறார். உறுதியாக எதுவும் சொல்ல முடியாது, ஆனால் கேட்டுப் பார்க்கிறேன். தை கடைசியில் வருகிறோம், டிக்கெட் எடுத்தாயிற்று. முதல் வாரம் மதுரையில் மச்சினி வீட்டில் இருப்போம், அப்புறம் நேராக உன் வீட்டுக்குத்தான். தமிழ் ஐயா வீட்டுக்கும் ஒருமுறை போய்விட்டு வருவோம், அவர் மகன் எண் இருந்தால் அனுப்பு. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமலிங்கம்