பாட வீடியோக்களைப் பகிர்வது பற்றி

ஆசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் குழுவில் ஏழெட்டு யூடியூப் இணைப்புகள் வந்தன. மகிழ்ச்சி. ஆனால் ஒன்றில், வேலூர்ப் புரட்சி 1857-க்குப் பிறகு நடந்தது என்கிறார்கள். அது நடந்தது 1806 ஜூலை 10. தினமும் கோட்டையைத் தாண்டிப் பள்ளிக்கு வரும் நம் பிள்ளைகள் இந்தத் தவறைப் படிக்கக் கூடாது. தயவுசெய்து கடைசிவரை பார்த்துவிட்டு அனுப்புங்கள். எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்த நிமிடத்திலிருந்து காட்டலாம் என்று ஒரு வரியும் சேருங்கள்.

வகுப்பில் நான் வீடியோவை ஒரேயடியாக ஓட விடுவதில்லை. ஒன்பதாம் வகுப்பு ஒளிப் பாடத்துக்கு, நம் ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள தொலைநோக்கியைக் காட்டினேன். அதன் 2.34 மீட்டர் ஆடி திரையில் வந்ததும் நிறுத்தி, "இது குவியாடியா, குழியாடியா?" என்று கேட்டேன். பத்து நிமிடம் வாக்குவாதம். எப்போதும் பேசாத கடைசி பெஞ்சுப் பிள்ளைதான் எழுந்து காரணத்தோடு பதில் சொன்னாள். வீடியோ மூன்று நிமிடம்தான். பாடம் நடந்தது அந்த இடைவெளியில்.

மலைக் கிராமப் பள்ளிகளில் சிக்னல் கிடைக்காது. அங்கே வேலை செய்பவர்கள் முதல் நாளே செயலியில் டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள், அடுத்து என்ன வரும் என்று சொல்ல முடியாது. வேகமாகப் பேசும் வீடியோவை 0.75 வேகத்தில் வைத்தால் ஆறாம் வகுப்புக்கும் புரிகிறது.

அப்புறம், பாடநூலில் உள்ள கியூஆர் குறியீட்டையும் கல்வித் தொலைக்காட்சியையும் முதலில் பாருங்கள். அங்கே கிடைக்காததை இங்கே கேளுங்கள், சேர்ந்து தேடுவோம்.