சேருக்கு, கேட்டுக்கு வெளியே இருந்து

வணக்கம் சேர்.

தேயிலைத் தோட்டங்களுக்கு இடையிலான உதைபந்தாட்ட இறுதிப் போட்டியன்று காலை, டீ-சேர்ட் விற்க மைதானத்து கேட்டடியில் நின்ற எங்கள் எல்லோரையும் மெயின் ரோட்டு வரைக்கும் தள்ளிவிட்டீர்கள். "கமிட்டி டீ-சேர்ட் மட்டும்தான் இங்கே விற்கலாம், மற்றதெல்லாம் சட்டப்படி குற்றம்" என்று ஒலிபெருக்கியிலும் சொன்னீர்கள். தரம் எட்டில் எனக்குக் கணக்குப் படிப்பித்தவர் நீங்கள். அவ்வளவு சனத்துக்கு முன்னால் உங்களோடு வாதாட மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஊரில் மற்றவர்களும் வாசித்துவிட்டு அவரவர் முடிவுக்கு வரட்டும்.

முதலில் குற்றம் என்ற விஷயம். இதற்கு நம் நாட்டில் இருப்பது 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஒரு வியாபாரக் குறியைப் பதிந்தால் பத்து வருடத்துக்கு உரிமை, அப்புறம் புதுப்பித்துக்கொண்டே போகலாம். பதியாவிட்டாலும் வரைந்த படத்துக்கு வரைந்த உடனேயே பதிப்புரிமை வந்துவிடும். ஆகவே உங்கள் கமிட்டியின் வட்டச் சின்னத்தை, கொழுந்துக் கூடைக்குள் பந்து இருக்கிற அந்தப் படத்தை, நான் அச்சடித்து விற்றால் நீங்கள் என்னைப் பிடிப்பது நியாயம். யாரோ ஒரு பிள்ளை இரவு விழித்து வரைந்த படம் அது. என் கடையில் அந்தச் சின்னம் போட்ட ஒரு கைக்குட்டை கூட இருந்ததில்லை. நான் போடுவது தோட்டத்துப் பேரும் அந்த அணியின் நிறமும்தான்.

சட்டம் என்று இறங்கினால் வேறு சில விஷயங்களையும் பேச வேண்டி வரும் சேர். அரையிறுதியில் ஆடிய ஓர் அணியின் ஜேர்சித் தோளில் மூன்று கோடு இருந்தது. அது எந்தக் கம்பெனியின் கோடு, கொழும்புப் புறக்கோட்டையில் எந்தச் சந்தில் எடுத்தது என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். சரி, அதை விடுவோம்.

இந்தச் சண்டை நம் ஊரில் தொடங்கியதும் இல்லை. லண்டனில் ஆர்சனல் கழகம் ஹைபரியில் ஆடிய காலத்தில், மைதானத்துக்கு வெளியே மேத்யூ ரீட் என்பவர் 1970-இலிருந்து கடை போட்டு ஸ்காஃப், தொப்பி, டீ-சேர்ட் எல்லாம் விற்றார். கழகம் தன் பெயரையும் பீரங்கிச் சின்னத்தையும் 1989-இல் பதிந்து வைத்திருந்தது. அவர் மேல் கழகம் போட்ட வழக்கு 2001-இல் விசாரணைக்கு வந்தது. ரீட் ஒன்றையும் மறைக்கவில்லை. கழகத்தின் சொந்தச் சீட்டு உள்ள சாமான் மட்டுமே கழகத்தினுடையது என்று தன் கடையிலேயே பெரிதாக எழுதி வைத்திருந்தார். கழகத்தின் சாமான் என்று ஏமாந்துபோய் அவரிடம் வாங்கினார்கள் என்பதற்குக் கழகத்தால் தக்க சாட்சி காட்ட முடியவில்லை. நீதிபதி ஹியூ லாடி என்ன சொன்னார் தெரியுமா? சட்டையில் இருக்கிற அந்தப் பெயரை வாங்குபவர்கள் தங்கள் விசுவாசத்தின் அடையாளமாகத்தான் பார்க்கிறார்கள், யார் செய்த சாமான் என்று காட்டுகிற குறியாக அல்ல என்றார்.

கடைசியில் ரீட் தோற்றார், அதையும் சொல்லிவிடுகிறேன். 2002 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் ஆர்சனல் பக்கம் பேசியது. நீதிபதி லாடி அதற்குப் பிறகும் ரீட் பக்கமே நின்றார். 2003 மே மாதம் மேன்முறையீட்டு நீதிமன்றம் கழகத்துக்குச் சாதகமாக முடித்துவைத்தது. தோற்ற மனிதரின் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் தோற்றது கழகம் பதிந்துவைத்த குறிகளைப் போட்டதால். நீங்கள் எந்தத் தோட்டத்தின் பேரைப் பதிந்து வைத்திருக்கிறீர்கள்?

தோட்டத்துப் பேர் யாருடையது என்பதைத்தான் அன்று முழுக்க யோசித்தேன். அந்தப் பேரை வைத்தது வெள்ளைக்காரத் துரை, அதுவும் ஸ்கொட்லாந்தில் இருந்த தன் ஊரை நினைத்து. 1972-இலும் 1975-இலும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. 1992-இல் நிர்வாகம் கம்பெனிகள் கைக்கு வந்தது. தேயிலை ஸ்டோர் வாசல் போர்ட்டில் உரிமையாளர் பேர் இருக்கிற மேல் வரி மாறிக்கொண்டே இருந்தது. கீழ் வரியில் இருந்த தோட்டத்துப் பேரைக் கடிதத்திலும் கல்யாணப் பத்திரிகையிலும் கோயில் நோட்டீசிலும் எழுதி எழுதி வைத்திருந்தது லயத்துச் சனம், தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிற நாங்கள். நீங்களும் நானும் ஊர் எது என்று கேட்டால் அதைத்தானே சொல்கிறோம். அந்தப் பேரை நெஞ்சில் போட்டுக்கொள்ள ஒரு கமிட்டியின் அனுமதி வேண்டும் என்பது எனக்கு விளங்கவே இல்லை. கம்பளையில் கிரிஸ்டல் பேலஸ் என்ற பேரிலேயே ஒரு கழகம் இருக்கிறது. லண்டன் அணி வந்து ஆடுகிறது என்று நினைத்து யாரும் அங்கே போய் உட்காருவதில்லை.

உங்கள் டீ-சேர்ட் பற்றியும் கொஞ்சம் பேசலாமா? துணி நல்லது, தையல் நல்லது. ஆனால் அது டூர்னமன்டின் டீ-சேர்ட். ஆடிய அணி எல்லாவற்றுக்கும் ஒரே நீலம். நெஞ்சு நிறைய அனுசரணையாளர், கீழே உங்கள் சின்னம், முதுகில் வருடம். டூர்னமன்டுக்காகக் கத்துகிறவன் யார் இருக்கிறான் சேர்? கத்துகிறவன் தன் தோட்டத்துப் பிரிவான கீழ் டிவிஷனுக்காகக் கத்துகிறான், அல்லது தன் மச்சான் கோல் காப்பதால் கத்துகிறான். அவன் கேட்கிற சாமான் உங்களிடம் இல்லை. என்னிடம் இருப்பது உங்கள் மேசைக்குப் போட்டியே இல்லை. இரண்டையும் வாங்கியவர்களை நானே பார்த்திருக்கிறேன், நீல டீ-சேர்ட்டுக்கு மேல் என் தலைப்பட்டியைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்கள்.

மான்செஸ்டர் யுனைட்டெட் கதை இதற்குப் பொருந்தும். 2010-இல் முதலாளிகளான கிளேசர் குடும்பத்தின் மேல் கோபம் வந்தபோது ரசிகர்கள் பச்சையும் தங்கமும் கலந்த ஸ்காஃப் போடத் தொடங்கினார்கள். 1878-இல் நியூட்டன் ஹீத் என்ற பேரில் கழகம் தொடங்கிய காலத்து நிறம் அது. முதலாளிகளுக்கு எதிரான ஸ்காஃபைக் கழகத்தின் கடையில் எதிர்பார்க்க முடியுமா? மைதானத்துத் தெருவில் கிடைத்தது. அந்த மார்ச்சில் ஏசி மிலான் அணிக்காக அங்கே ஆட வந்த, கழகத்தின் பழைய வீரர் பெக்காம் கூட மேட்ச் முடிந்து வெளியே போகும்போது அதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். கேட்டுக்கு வெளியே நிற்பவனிடம் சில சமயம் உள்ளே விற்க முடியாத சாமான் இருக்கும்.

இப்போது நாங்கள் இதை எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன். சும்மா நின்று காசு பார்க்கிறோம் என்று நீங்கள் மைக்கில் சொன்னதுதான் எனக்குச் சுட்டது.

வெற்று டீ-சேர்ட் புறக்கோட்டையில் எடுப்பது. சில நிறங்களுக்கு மகரகம பமுணுவ வரைக்கும் போக வேண்டும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி நடப்பதால் சிவப்பும் மெரூனும் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கூட. கால் இறுதிக்கு வரக்கூடிய தோட்டங்களுக்கெல்லாம் முதலே பிரேம், அதாவது மை இழுத்து அச்சடிக்கிற வலைச் சட்டம், எடுத்து வைத்துவிடுவேன். ஒரு பிரேம் ஒரு நிறத்துக்குத்தான். இரண்டு நிறம் என்றால் இரண்டு பிரேம், கூலியும் இரட்டை. சூட்டால் நிறத்தைத் துணியில் ஏற்றுகிற சப்ளிமேஷன் அழகாக இருக்கும், ஆனால் பொலியெஸ்டர் துணியில்தான் பிடிக்கும். நம் குளிருக்கு ஆட்கள் பருத்திதான் கேட்கிறார்கள்.

இறுதிப் போட்டிக்கு யார் வருகிறார்கள் என்பது சனிக்கிழமை அரையிறுதி முடிந்து ஐந்து மணிக்குத்தான் தெரியும். பெனால்டிக்குப் போனால் இன்னும் தாமதம். ஞாயிறு காலை கூட்டம் வருமுன் சாமான் தயாராக இருக்க வேண்டும். அந்த ஓர் இரவில்தான் எல்லாம். நான் மை போட்டு இழுப்பேன், மனைவி டீ-சேர்ட்டை மாற்றி மாற்றி வைப்பாள், அம்மா கயிற்றில் போடுவார். பகலில் வெயில் அடித்தாலும் இரவில் மூடுபனி இறங்கினால் மை காயாது. தலைமுடி காய வைக்கிற மெஷினை வைத்து ஒவ்வொன்றாக ஊதி, அப்புறம் ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்தி எடுக்க வேண்டும். அவசரப்பட்டு அடுக்கினால் ஒன்றின் மை மற்றதன் முதுகில் ஒட்டிவிடும். அதைக் கழித்துப் போட வேண்டியதுதான், லயத்துப் பிள்ளைகள் வீட்டில் போட்டுக்கொள்வார்கள்.

மேட்ச் தொடங்குவதற்கு முந்திய இரண்டு மணித்தியாலம்தான் எங்கள் வியாபாரம். விசில் ஊதி முடிந்த பிறகு தோற்ற அணியின் டீ-சேர்ட்டை யாரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள். வென்ற அணியின் டீ-சேர்ட்டை அப்போது அடித்துப்பிடித்துக் கேட்பார்கள், ஆனால் கையில் சைஸ் இருக்காது. மிஞ்சியதை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளத்தான் நான் ஒருபோதும் வருடம் அச்சடிப்பதில்லை. உங்கள் மேசையில் மிஞ்சிய நீல டீ-சேர்ட்டை வருடம் இருப்பதால் இனி என்ன செய்வீர்கள் என்று யோசித்தேன், கேட்க வாய் வரவில்லை.

இங்கிலாந்தில் இரண்டு அணியின் பேரும் பாதிப்பாதி போட்ட ஸ்காஃப் விற்பார்கள். சொந்த ஊர் ரசிகர்கள் அதைக் கண்டால் பழிப்பார்கள், வெளியூரிலிருந்து சுற்றிப் பார்க்க வந்தவர்கள்தான் வாங்குவார்களாம். அதே மாதிரி தலைப்பட்டி நான் கொஞ்சம் அடித்தேன். பையன்கள் சிரித்தார்கள். ஆனால் ஒரு தோட்டத்தில் பிறந்து மற்றத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்ட அக்காமார் வந்து ஒன்றும் மிச்சம் வைக்காமல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

விலைக்கு வருவோம். 2021-இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது, 2024-இல் 1,350. உங்கள் டீ-சேர்ட் 2,200. என்னுடையது பெரியவர்களுக்கு 1,200, பிள்ளைகளுக்கு 800, தலைப்பட்டி 150. ஒரு பேர் காசுக்குள், அதாவது ஒரு நாள் சம்பளத்துக்குள், ஒரு டீ-சேர்ட் வர வேண்டும் என்று கணக்குப் பார்த்துத்தான் வைத்தேன். அதற்கு மேல் போனால் அம்மாமார் கையில் எடுத்து, விரித்து, மடித்துத் திருப்பி வைத்துவிடுவார்கள். உங்களுடையதற்கு மூன்று கிழமைக்கு முன்பே பேர் கொடுத்து முற்பணம் கட்ட வேண்டும், சைஸும் பெரியவர்களுக்கு மட்டும்தான். ஆறு வயதுப் பிள்ளை அப்பாவின் தோளில் உட்கார்ந்து மேட்ச் பார்க்கிறதே, அதற்கு யார் டீ-சேர்ட் கொடுப்பது? இன்னொன்றும் சொல்கிறேன், இது உங்களுக்கும் உதவும். இறுதிப் போட்டியைப் பத்தாம் திகதிக்குப் பின் வருகிற ஞாயிறில் வையுங்கள். சம்பளம் கையில் இருக்கும். இந்த முறை மாதக் கடைசியில் வைத்தீர்கள். உங்கள் மேசையும் காய்ந்தது, எங்கள் கயிறும் காய்ந்தது.

கமிட்டிக்குக் காசு தேவை என்பது எனக்குத் தெரியாததல்ல. மைதானக் கட்டணம், நடுவர்களுக்கான கொடுப்பனவு, கிண்ணம், முதலுதவி, கூடாரம் எல்லாவற்றுக்கும் நீங்கள் கடை கடையாக ஏறி இறங்கியதைப் பார்த்தவன் நான். அனுசரணை கொடுத்தவருக்கு வாக்குக் கொடுத்திருப்பீர்கள், அதுவும் விளங்குகிறது. ஆனால் அதற்காகச் சின்ன ஆட்களைத் துரத்துவது பெரிய பெரிய போட்டிகளில் இருந்து வந்த பழக்கம். பிரேசிலில் 2014 உலகக் கிண்ணத்துக்கு முன் அதே கூத்து நடந்தது. சல்வடோர் நகரத்தில் வெள்ளை உடுப்புப் போட்ட பெண்கள் அகராஜே விற்பார்கள். கௌப்பியை அரைத்துப் செம்பனை எண்ணெயில் பொரிக்கிற வடை, நம்மவர்களுக்குப் பிடிக்கும். உலகக் கிண்ணத்தை நடத்துகிற ஃபிஃபாவின் விதிகளின்படி மைதானத்தைச் சுற்றி அவர்களுக்கு இடமில்லை என்று ஆனது. அவர்கள் விடவில்லை, கையெழுத்துச் சேர்த்தார்கள், ஊர்வலம் போனார்கள். கடைசியில் இடம் கிடைத்தது. ஃபிஃபாவே இறங்கி வந்திருக்கிறது சேர்.

நாங்கள் கேட்பது பெரிது இல்லை. கேட்டுக்கு நேரே வேண்டாம், அம்புலன்ஸ் வருகிற பாதை அது. பழைய தண்ணீர்த் தாங்கி இருக்கிற பக்கம் ஓரமாக இடம் போதும். நாளுக்கு ஒரு தொகை சொல்லுங்கள், கட்டி ரசீது வாங்கிக்கொள்கிறோம். "இது கமிட்டியின் டீ-சேர்ட் அல்ல" என்று ரீட் வைத்த மாதிரி நானே போர்ட் எழுதி வைக்கிறேன். உங்கள் சின்னத்தை யாராவது போட்டு விற்றால் முதலில் நானே வந்து உங்களிடம் சொல்வேன், எங்கள் பேரும்தானே கெடும். பொலித்தீன் குப்பையை நாங்களே அள்ளிக்கொண்டு போவோம். சிவனொளிபாத மலை சீசனில் மலையடிவாரத்து நல்லதண்ணியில் கம்பளித் தொப்பி விற்கிற ஆட்கள்தான் நாங்கள், குப்பை விஷயத்தில் அங்கே பழகியிருக்கிறோம்.

ஒரே ஒரு அவசர விஷயம். கேட்டில் நின்ற தம்பிமார் என்னிடமிருந்து எடுத்துப்போன தலைப்பட்டிக் கட்டு இன்னும் வந்து சேரவில்லை. பச்சையும் வெள்ளையும், மேல் டிவிஷன் நிறம். நீங்கள் கீழ் டிவிஷன், உங்களுக்கு அதில் ஒரு பிரயோசனமும் இல்லை. பாடசாலைக்குப் போகிற வழியில் கோயிலடிக் கடையில் கொடுத்துவிட்டுப் போனால் நான் எடுத்துக்கொள்வேன்.

உங்கள் பழைய மாணவன்,
கேட்டுக்கு வலப்பக்கம் கயிறு கட்டுகிறவன்