ஏற்கெனவே மதுரையாகிவிட்ட ஊர்க்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம், விளாங்குடி, திருநகர், ஹார்விபட்டி, வண்டியூர், திருப்பாலை பக்கத்து அண்ணன்மார், மதினிமார் எல்லோருக்கும் வணக்கம்.

சுற்றுச்சாலைக்கு அந்தப் பக்கம், இன்னமும் கிராம ஊராட்சியாகவே இருக்கும் ஓர் ஊரிலிருந்து எழுதுகிறேன். 2025 ஜனவரி தொடக்கத்தில் மாநிலம் முழுக்க 16 மாநகராட்சிகளை விரிவாக்கப் போவதாக அரசு அறிவித்ததிலிருந்து எங்கள் டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தால் சென்ட் விலை ஏறும் என்று ஒரு கட்சி. வீட்டு வரியும் கூடவே ஏறும் என்று இன்னொரு கட்சி. ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். சரி, கொடுக்கலாம். எதைத் தெரிந்துகொண்டு எழுதுவது?

பெண் கொடுக்கும் முன்னால், அந்த வீட்டுக்கு ஏற்கெனவே வாக்கப்பட்டுப் போனவளிடம்தான் நாம் ரகசியமாக விசாரிப்போம். எங்களுக்கு அந்த மூத்த மருமகள் நீங்கள்தான். கருத்துக் கேட்கிற யாரும் உங்களைக் கேட்டதாகத் தெரியவில்லை. அதனால் நாங்களே கேட்கிறோம்.

2011-ல் 3 நகராட்சிகள், 3 பேரூராட்சிகள், 11 ஊராட்சிகள் மதுரையோடு சேர்ந்தன. 72 வார்டு 100 ஆனது. 52 சதுர கிலோமீட்டர் இருந்த மாநகராட்சி ஏறக்குறைய 148 ஆனது. இதெல்லாம் கோப்பிலேயே இருக்கிறது. கோப்பில் இல்லாததைச் சொல்லுங்கள். பாதாளச் சாக்கடை உங்கள் தெருவுக்கு எந்த வருஷம் வந்தது? தோண்டிய பள்ளத்தை மூடித் தார் போடுவதற்குள் எத்தனை ஐப்பசி மழை போனது? செப்டிக் டேங்க் லாரிக்காரருக்குக் கொடுப்பது நின்றதா? 2022-ல் குடியிருப்புகளுக்குச் சொத்து வரி 25 முதல் 100 சதவீதம் வரை கூடியதே, பழைய ஊராட்சித் தெருவில் சின்ன வீடு வைத்திருப்பவர் அதை எப்படிச் சமாளித்தார்?

வரி ஏறியதை மட்டும் சொல்லிவிட்டு நல்லதை முழுங்கிவிடாதீர்கள். தண்ணீரும் குப்பை வண்டியும் ஒழுங்காக வந்தால் அதையும் சொல்லுங்கள். நான் இணைப்புக்கு எதிரி இல்லை. வயலெல்லாம் பிளாட் ஆகிவிட்ட ஊரில் ஊராட்சி நிதியை வைத்துக்கொண்டு எத்தனை தெருவுக்குத்தான் வாய்க்கால் கட்ட முடியும்?

அடுத்தது கவுன்சிலர். 2011-ல் தேர்ந்தெடுத்தவர்களின் பதவி 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல், தெருவிளக்கு எரியவில்லை என்றால் யார் வாசலில் போய் நின்றீர்கள்? எங்கள் ஊரில் தண்ணீர் வராவிட்டால் டேங்க் ஆபரேட்டர் வீட்டுக் கதவைத் தட்டுவோம். சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே வந்து மோட்டாரைப் போட்டுவிடுவார். எங்கள் ஊராட்சித் தலைவர்களின் பதவியும் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்து, தனி அலுவலர் கைக்கு நிர்வாகம் போனது. ஊராட்சி இருக்கலாமா, கலைக்கலாமா என்ற கேள்வி, பதில் சொல்ல வேண்டிய தலைவரின் பதவி முடிகிற நேரமாகப் பார்த்து வந்தது.

கிராம சபையையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. நாங்கள் நோட்டில் முதலில் கையெழுத்துப் போடுவோம், தீர்மானத்தை அவர்கள் அப்புறம் எழுதிக்கொள்வார்கள். இருந்தாலும், மோட்டார் ரிப்பேருக்கா இவ்வளவு என்று ஒரு கிழவி எழுந்து கேட்டு, செயலர் கணக்கு நோட்டைத் திரும்பப் புரட்டியதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கும் கிராம சபை மாதிரி, பகுதி சபை என்று சட்டத்தில் ஒன்று இருக்கிறது. உங்கள் தெருவில் அது கூடியிருக்கிறதா? யாராவது எழுந்து கேட்டார்களா?

இங்கே பெரிய பயம் நூறு நாள் வேலைதான். அது கிராமப்புறத்துக்கான திட்டம், மாநகராட்சி எல்லைக்குள் அந்த அட்டை செல்லாது. பிளாட் வாங்கிக் குடிவந்தவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே படாது. அறுபது தாண்டியும் வரத்துக்கால் தூர்வாரப் போகிறவர்களுக்கு மாத்திரை, வெற்றிலை பாக்கு எல்லாம் அந்தக் காசில்தான். சேர்ந்த பிறகு உங்கள் ஊரில் அவர்கள் என்ன வேலைக்குப் போனார்கள்?

கண்மாயைப் பற்றியும் கேட்க வேண்டும். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. இணைந்தால் அந்தப் பொறுப்பு ஒன்றியத்தின் கையை விட்டுப் போகும். மடையைத் திறக்கவும் கலுங்கில் அடைத்த ஆகாயத்தாமரையை எடுக்கவும் நீங்கள் இப்போது யாரைக் கூப்பிடுகிறீர்கள்?

அவனியாபுரத்துக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. நகரத்துக் குப்பை உங்கள் பக்கம் வெள்ளைக்கல் கிடங்குக்குத்தான் வருகிறது. வார்டு ஆன பிறகு அந்தக் குப்பையைப் பற்றி நீங்கள் போடும் சத்தம் முன்னைவிடக் காதில் விழுகிறதா? (எல்லை எப்படி மாறினாலும் தை முதல் நாள் வாடிவாசல் உங்களிடமே இருக்கிறது, அதுவரைக்கும் சந்தோஷம்.)

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் சமுதாயக் கூடத்தில் ஊர்க்கூட்டம். உங்களில் நாலைந்து பேர் வந்தால் போதும். கட்சிக்காரராக வர வேண்டாம், வீட்டுக்காரராக வாருங்கள். ஊராட்சியாக, பேரூராட்சியாக இருந்தபோது கட்டிய வரி ரசீது பத்திரமாக இருந்தால் அதையும், கடைசி அரையாண்டு ரசீதையும் ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள். பெயரையும் கதவு எண்ணையும் அடித்துவிட்டே கொடுக்கலாம். எங்கள் மனு ஆட்சேபணையோ சம்மதமோ, அந்த நகல்களை அதோடு இணைத்துத்தான் கொடுப்போம். வர முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். உங்களில் பாதிப் பேர் எங்களுக்குக் கொண்டான் கொடுத்தான் வகைதானே, யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

டீயும் வடையும் எங்கள் செலவு.

இப்படிக்கு,
சுற்றுச்சாலைக்கு வெளியே குடியிருக்கும் ஓர் ஊராட்சிவாசி