ரிப்போர்ட் நார்மல்தான், படபடப்பும் நிஜம்தான்

கும்பகோணம்
ஜூன் 26

அன்புள்ள வசந்தா,

உன் கடிதமும், உன் மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரிப்போர்ட்களும் கிடைத்தன. பாமணியாற்றில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்றங்கால் விட்டாயிற்று என்று படித்ததில் சந்தோஷம். இங்கே அரசலாற்றில் வந்துவிட்டது, வாய்க்கால்களுக்கு இன்னும் எட்டவில்லை. அண்ணனுடைய முழங்கால் வலியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, தேவலையா?

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஈசிஜி, எக்கோ, ட்ரெட்மில் மூன்றும் நார்மல், மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க என்று அனுப்பிவிட்டார்கள். ராத்திரி படுத்தால் நெஞ்சுக்குள் ஒரு உதை, அப்புறம் ஒரு வெறுமை. வீட்டில் யாரும் நம்பவில்லை என்கிறாய். நான் நம்புகிறேன்டி. இத்தனை வருஷம் வார்டில் இதே பேச்சைக் கேட்டவள் நான்.

ஈசிஜி என்பது சுமார் 10 விநாடிப் பதிவு. ஒரு நாளில் 86,400 விநாடி இருக்கிறது. அந்தப் பத்து விநாடிக்குள் உதை வராவிட்டால் காகிதத்தில் எப்படித் தெரியும்? எக்கோ, வால்வும் தசையும் பம்ப் செய்யும் சக்தியும் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பது. உனக்கு அந்தப் பம்ப் சக்தி 62 சதவீதம், நல்ல அளவு. ட்ரெட்மில், வேகமாக நடக்கும்போது இதயத்துக்கு ரத்தம் போதுமா என்று பார்ப்பது. மூன்றும் நார்மல் என்றால் இதயத்தின் கட்டுமானம் நன்றாக இருக்கிறது. அது பெரிய நல்ல செய்தி, அதைக் குறைவாக எண்ணாதே. ஆனால் அந்த உதை என்ன என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் தேடவில்லை.

நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் எக்டோபிக் துடிப்பு மாதிரி இருக்கிறது. அடுத்த துடிப்பு வரவேண்டிய நேரத்துக்கு முன்னாலேயே இதயத்தின் வேறொரு இடத்திலிருந்து ஒரு துடிப்பு முந்திக்கொண்டு கிளம்பும். அப்போது இதயம் சரியாக நிரம்பியிருக்காது, அதனால் அது நமக்குத் தெரிவதே இல்லை. அதற்குப் பிறகு ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் வழக்கத்தைவிட அதிகமாக ரத்தம் சேர்ந்துவிடும். மதகைச் சற்று நேரம் அடைத்துத் திறந்தால் தண்ணீர் எப்படிப் பாயும், அப்படித்தான் அடுத்த துடிப்பு பலமாக இறங்கும். 'நின்று போய் உதைத்தது' என்று நீ சொல்வது இதைத்தான். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டி வரும், அதனால் இன்னும் நன்றாகத் தெரியும். வலது பக்கம் திரும்பிப் படுத்துப் பார்.

ஆனால் ஊகத்தோடு விடக்கூடாது. முதலில் நாடி பார்க்கப் பழகு. ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் இடது மணிக்கட்டில், கட்டை விரல் பக்கமாக வை. கட்டை விரலால் பார்க்காதே, அதற்கே சொந்தத் துடிப்பு உண்டு. 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவதும் வேண்டாம். தாளம் தப்பும்போது அந்தக் கணக்கு பொய்யாகிவிடும். முழுதாக ஒரு நிமிஷம் எண்ணு. சீராகப் போய் நடுவில் ஒன்று தவறுகிறதா, சீராகவே ஆனால் வேகமாகப் போகிறதா, அல்லது எந்த ஒழுங்கும் இல்லாமல் தாறுமாறாக இருக்கிறதா என்று கவனி. மூன்றாவது வகை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக, அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் அதிர்வதாக இருக்கலாம். அதில் இதயத்துக்குள் ரத்தம் உறைந்து பக்கவாதம் வர வாய்ப்பு இருப்பதால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போக வேண்டும். டாக்டர் கேட்கும்போது 'படபடன்னு இருக்கு' என்று மட்டும் சொல்லாமல் அந்தத் தாளத்தை மேசையில் விரலால் தட்டிக் காட்டு. பாதி விஷயம் அதிலேயே விளங்கிவிடும்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஒரு ராத்திரி 43 காட்டியது, இதயம் நின்றுவிடுமோ என்று பயந்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அதற்குக் காரணம் இருக்கிறது. முந்திக்கொண்டு வரும் துடிப்பு பலமில்லாததால் அதன் அலை விரல் நுனி வரை வந்து சேர்வதில்லை. ஒன்றுவிட்டு ஒன்று அப்படி வந்தால் இதயம் 86 தடவை துடித்திருக்கும், மெஷின் 43 என்று எண்ணும். பிரஷர் மெஷினிலும் இதே கூத்து நடக்கும். அப்படிக் காட்டினால் உடனே ஈசிஜி எடுத்தால்தான் உண்மை தெரியும். மயக்கமோ கிறுகிறுப்போ கூட இருந்தால் காலை வரை காத்திருக்காதே.

எக்கோவை மறுபடி எடுக்கலாமா என்று கேட்கிறாய். இப்போதைக்கு வேண்டாம், பணம் தண்டம். அதற்குப் பதில் ஹோல்ட்டர் வைக்கச் சொல்லிக் கேள். நெஞ்சில் ஒட்டுப் பட்டைகளை ஒட்டி, இடுப்பில் சின்ன மெஷினை மாட்டி 24 அல்லது 48 மணி நேரம் தொடர்ந்து பதிவு செய்வார்கள். தினமும் வருகிறது என்றால் 24 போதும். வாரத்தில் இரண்டு நாள்தான் என்றால் அதைவிட நீண்ட பதிவு கேள். மாட்டுவதற்கு முன் சோப்புப் போட்டுக் குளித்துவிடு, நெஞ்சில் எண்ணெய், பவுடர் எதுவும் கூடாது. மாட்டிய பிறகு கழற்றும் வரை குளிக்க முடியாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்துப் பட்டை கிளம்பிவிடும், அப்புறம் பதிவெல்லாம் கிறுக்கலாக வந்து வீணாகும். பருத்தி ரவிக்கை போடு, ஓரம் கிளம்பினால் மேலே மைக்ரோபோர் டேப் ஒட்டு.

இதில் நம் ஆட்கள் எல்லோரும் செய்யும் தப்பு, மெஷின் மாட்டியிருக்கிறதே என்று நாள் முழுக்கப் படுத்துக்கொள்வது. நீ வழக்கம்போல சமை, மாடி ஏறு, வயலுக்குப் போய்வா. உதை வரும்போது பட்டனை அழுத்தி நேரத்தைக் குறி. உதை வந்த நேரமும் பதிவில் தப்பிய துடிப்பும் ஒன்றாகப் பொருந்தினால்தான் பதில் கிடைத்ததாக அர்த்தம். ஒரு நாளைக்கு இதயம் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. கட்டுமானம் நன்றாக இருப்பவர்களுக்கு அதில் சில நூறு எக்டோபிக் இருந்தால் பெரும்பாலும் வைத்தியமே தேவைப்படாது. பத்து சதவீதத்தைத் தாண்டினால் மட்டும் நாளடைவில் தசை தளரக்கூடும் என்பதால் டாக்டர் தொடர்ந்து பார்ப்பார்.

இப்போது ரத்த ரிப்போர்ட். இதயம் நார்மல் என்றதும் இந்தத் தாளை யாரும் புரட்டவே இல்லை போலிருக்கிறது. ஹீமோகுளோபின் 10.6 என்று இருக்கிறதே! பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே சோகை. மாதவிடாய் நிற்கப்போகும் சமயத்தில் உனக்கு அதிகமாகப் போகிறது என்று போன தடவையே சொன்னாய். ரத்தம் குறைந்தால் இதயம் வேகமாக ஓடித்தான் ஈடுகட்டும். அதிக ரத்தப்போக்குக்கு ஒரு ஸ்கேன் எடுத்துவிடு, உடம்பில் இரும்பு இருப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல். இரும்பு மாத்திரை கொடுத்தால் காபியோடு போடாதே, முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடு. எலுமிச்சைச் சாறோடு போட்டால் உடம்பில் ஒட்டும். அளவு ஏறிய பிறகும் மூன்று மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். பாதியில் நிறுத்துவதால்தான் திரும்பத் திரும்பக் குறைகிறது.

பொட்டாசியம் 3.6. எல்லை 3.5 என்பதால் நார்மல் என்று அச்சாகிவிட்டது. ஆனால் எக்டோபிக் உள்ளவர்களுக்கு 4-க்கு மேல் இருக்கட்டும் என்று நினைக்கும் டாக்டர்கள் உண்டு. உன் பிரஷர் மாத்திரையில் நீர் பிரிப்பதற்கான மருந்தும் கலந்திருக்கிறது, அது பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்தே வெளியேற்றும். சித்திரை வெயிலில் உளுந்து பறித்து வியர்வையும் போயிருக்கும். மாத்திரையை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேள், நீயாக நிறுத்தாதே. இளநீர், பூவன் பழம், கீரை நல்லதுதான், ஆனால் உனக்கு மட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ள உன் மாமியாருக்கும் சேர்த்து இளநீர் வெட்டிக் கொடுத்துவிடாதே, அவருக்குப் பொட்டாசியம் ஏறினால் ஆபத்து. தைராய்டு 2.1, அதில் ஒன்றும் இல்லை.

மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் வாங்கும் சளி மாத்திரை, ஆஸ்துமாவுக்கான சால்புட்டமால், டெரிபிலின் எல்லாம் துடிப்பை ஏற்றும். வெற்றிலையோடு புகையிலை சேர்ப்பதை இன்னும் விட்டபாடில்லை என்றால் அதையும் இந்தக் கணக்கில் எழுதிக்கொள்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. உதை வந்ததும் பயம் வரும், பயத்தில் அட்ரினலின் சுரக்கும், அது இன்னும் நாலு உதையைக் கிளப்பும். படபடப்பு கற்பனை என்று நான் சொல்லவில்லை. பயம் அதைப் பெருக்குகிறது என்கிறேன். அந்த நேரத்தில் நாலு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு, ஐந்து நிமிஷம் செய். எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம், நாடி எவ்வளவு, அதற்கு முன் என்ன சாப்பிட்டாய், தூக்கம் எப்படி என்று இரண்டு வாரம் மட்டும் ஒரு நோட்டில் எழுது. அப்புறம் நோட்டையும் ஆக்சிமீட்டரையும் பீரோவில் வைத்துப் பூட்டு. மணிக்கொரு தரம் பார்ப்பதே ஒரு வியாதியாகிவிடும். ராத்திரிச் சாப்பாட்டைப் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னால் முடி; வயிறு உப்பியிருந்தால் உதை கூடுகிறது என்று பலர் சொல்வார்கள்.

மயங்கி விழுந்தால், வேலை செய்யும்போதே படபடப்பு கிளம்பினால், நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாடி 120-க்கு மேலேயே நின்றால், இந்தக் கடிதத்தை மற. 108-ஐக் கூப்பிடு. உங்கள் குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

உன் அக்கா பையனுக்கு வருவது வேறு ஜாதி. சுவிட்ச் போட்டதுபோல் 180-க்குப் போய், அரை மணியில் சட்டென்று நிற்கிறது என்றால் எஸ்விடியாக, அதாவது இதயத்தின் மேல்பகுதியிலிருந்து திடீரென்று கிளம்பும் வேகத் துடிப்பாக இருக்கலாம். அது ஓடும்போதே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஈசிஜி எடுக்க வேண்டும், நின்ற பிறகு எடுத்தால் நார்மல் என்றுதான் வரும். அந்தத் தாளைப் பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேஷன் செய்துவிடாதீர்கள், சூடு பட்டால் கறுத்துப்போகும் தாள் அது. போட்டோவோ ஜெராக்ஸோ எடுங்கள். எஸ்விடிதான் என்று டாக்டர் உறுதி செய்தால், அடுத்த தடவைக்கு ஒரு முறை கற்றுக்கொடுப்பார்: பாதி சாய்ந்து உட்கார்ந்து, 10 மில்லி ஊசிக்குழாயின் நுனியில் வாயை வைத்து, உள்ளே உள்ள தண்டு நகரும் அளவுக்கு 15 விநாடி ஊத வேண்டும், உடனே மல்லாக்கப் படுக்க வைத்து, இன்னொருவர் இரண்டு கால்களையும் 45 டிகிரி தூக்கி 15 விநாடி பிடிக்க வேண்டும். 2015-ல் வந்த ஒரு ஆய்வில் இப்படிச் செய்தவர்களில் 43 சதவீதம் பேருக்கு நின்றது, காலைத் தூக்காமல் ஊதியவர்களில் 17 சதவீதம்தான். துடிப்பை நிறுத்துகிறேன் என்று கழுத்தை அமுக்கிவிடுவதை மட்டும் வீட்டில் யாரும் செய்யக் கூடாது. அடிக்கடி வந்தால் அப்லேஷன், அதாவது மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்திக் கோளாறான மின்பாதையைச் சுட்டு அடைக்கும் சிகிச்சை, செய்துகொள்ளலாம், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிவிடுகிறது.

ஹோல்ட்டர் முடிந்ததும் முதல் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு, மொத்தக் கணக்கு அதில்தான் இருக்கும்.

அன்புடன்,
கமலா

பி.கு.: காபியை விடச் சொல்லிவிட்டார்களே என்று புலம்பியிருக்கிறாய். எல்லோருக்கும் காபியால் வருவதில்லை. இரண்டு வாரம் நிறுத்து, அப்புறம் காலையில் ஒரு டம்ளர் குடித்துப் பார். நோட்டில் வித்தியாசம் தெரியாவிட்டால் தாராளமாகக் குடி. சாயந்திரம் நாலு மணிக்கு மேல் மட்டும் வேண்டாம், தூக்கம் கெட்டால் அதுவே உதையைக் கூட்டும். திடீரென்று நிறுத்தினால் ஒன்றிரண்டு நாள் தலைவலி வரும், அதையும் இதயத்தில் கொண்டுபோய்ச் சேர்க்காதே.